கிராஸ் பட்டிக்கு என்ன சொல்லலாம்?

தையல் பயிற்றுநர், மேலூர்

அனைவருக்கும் வணக்கம். பழைய வேட்டியிலும் சுங்குடிச் சேலையிலும் பிறந்த குழந்தைக்குச் சட்டை தைக்கும் செய்முறையை மகளிர் குழுக்களுக்காக எழுதுகிறேன். முன்பக்கம், பின்பக்கம், கைக்குழி, நாடா எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. கழுத்தையும் கைக்குழியையும் சுற்றி வைத்துத் தைக்கும் பட்டிக்குத்தான் இல்லை. துணியின் இழைக்கு 45 பாகை சாய்வாக, 1¼ அங்குல அகலத்தில் வெட்டுவோமே, அது. கடைகளில் ‘கிராஸ் பீஸ்’, ‘கிராஸ் பட்டி’ என்பார்கள். சிலர் பைப்பிங் என்றே சொல்லிவிடுவார்கள். ‘குறுக்குப் பட்டி’ என்று எழுதலாமா?

நெசவுத் தொழில், செல்லூர்

குறுக்கு வேண்டாம் அம்மா. தறியில் நீளமாக ஓடுவது பாவு, அதற்குக் குறுக்கே போவது ஊடை. ‘குறுக்கே வெட்டு’ என்று படிப்பவர் ஊடையோடு ஒட்டித்தான் வெட்டுவார். அந்தப் பட்டி வளைவுக்கு மசியாது. கழுத்தில் வைத்துத் தைத்தால் உள்விளிம்பு சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். நாலு துவைப்புக்குப் பின் அந்த மடிப்புகள் விறைத்துக்கொண்டு குழந்தையின் கழுத்தை உராயும். சொல் தப்பினால் துணியும் வீணாகும்.

சாய்வாக வெட்டினால் மட்டும் ஏன் வளைகிறது என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். ஒரு கைக்குட்டையை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுத்தால் அது நீளும். நூல் நீள்வதில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களில் நூல்கள் திரும்பிக்கொடுக்க, சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அந்த நெகிழ்வு வராது.

கணித ஆசிரியர், திருமங்கலம்

அப்படியானால் பாடநூலிலேயே சொல் இருக்கிறது: மூலைவிட்டம். ‘மூலைவிட்டப் பட்டி’ என்று வைத்தால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கைக்குட்டையில் மூலையிலிருந்து மூலைக்குப் போகும் கோடு 45 பாகைதானே.

தையல் பயிற்றுநர், மேலூர்

ஐயா, கைக்குட்டை சதுரம், அதனால் சரியாக வருகிறது. நம் கைக்கு வருவது பழந்துணி. கிழிந்த பகுதியை நீக்கினால் மிஞ்சுவது பெரும்பாலும் நீள்சதுரம். 20 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள துண்டில் மூலைவிட்டம் ஏறக்குறைய 31 பாகையில்தான் போகும். ஐந்தரை மீட்டர் சேலையை முழுதாக விரித்து மூலைக்கு மூலை கோடு போட்டால் ஏறக்குறைய 12 பாகையில்தான் போகும், பாவோடு ஒட்டியே ஓடும். அப்படி வெட்டிய பட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு முறுக்கிக்கொள்ளும். இஸ்திரி போட்டாலும் மறுபடி முறுக்கும். கணக்கில் மிகச் சரியான சொல்தான். அந்தச் சரியே இங்கே கையைத் தப்பாக ஓட்டிவிடும் என்பதுதான் என் பயம்.

நாங்கள் 45 பாகையை அளந்து எடுப்பதில்லை, மடித்து எடுக்கிறோம். பழந்துணியின் வெட்டு விளிம்பை நம்பக் கூடாது. விளிம்பருகே ஊடை நூல் ஒன்றை ஊசிமுனையால் நெம்பி உருவினால் கோடு மாதிரி ஒரு தடம் தெரியும். அதன் மேல் வெட்டி விளிம்பை நேராக்க வேண்டும். புதுத்துணியைப் போலக் கிழித்து நேராக்கப் பார்த்தால் நைந்த இடத்தில் கோணிக்கொண்டு போய்விடும். பிறகு ஒரு மூலையைத் தூக்கி, கரையோரம் (பாவோடு ஒட்டி ஓடும், நூல் பிரியாத நெசவு ஓரம்) அந்த ஊடைத் தடத்தின் மேல் படியும்படி மடித்தால், மடிப்புக் கோடே நமக்கு வேண்டிய கோடு.

இல்லத்தரசி, சோழவந்தான்

எங்கள் வீடுகளில் இதை ‘மூலைவாட்டமா மடி’ என்போம். ‘மூலைவாட்டப் பட்டி’ போதாதா? புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை.

பட்டிக்குத் துணி எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். சட்டையில் முதலில் நைவது பட்டிதான். பாலும் எச்சிலும் அங்கேதான் ஊறும், அதைத்தான் அடிக்கடி கசக்குவோம். மிருதுவாக இருக்கிறதே என்று ஆக நைந்த துணியைப் பட்டிக்கு எடுத்துவிடாதீர்கள், அதைச் சட்டையின் உடல் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நெசவு சீராகத் தெரியும் இடத்தை எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். நூல் விலகினால் விட்டுவிடுங்கள். ஃபால்ஸ் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் இருக்கும், அதுவும் ஆகாது. சரிகை ஓடும் பகுதியை வெட்டித் தள்ளிவிட வேண்டும், குழந்தைத் தோலில் அது குத்தும். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் நாலு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் செயற்கை இழை கலந்தது.

நெசவுத் தொழில், செல்லூர்

மூலைவாட்டம் நல்ல பேச்சுச் சொல். ஆனால் ஒரு சொல்லை மட்டும் தனியே பார்க்காமல் மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். நீளவாக்கு, அகலவாக்கு என்று எல்லோரும் சொல்கிறோம். அதே வரிசையில் பாவுவாக்கு, ஊடைவாக்கு, மூலைவாக்கு என்று வைத்தால் துணியின் மூன்று திசைகளும் ஒரே வாய்ப்பாட்டில் வந்துவிடும். பட்டியின் பெயர் ‘மூலைவாக்குப் பட்டி’. உடல் துண்டுகளைப் பாவுவாக்கில் வெட்டு, பட்டியை மூலைவாக்கில் வெட்டு என்று எழுத வசதியாகவும் இருக்கும்.

கணித ஆசிரியர், திருமங்கலம்

மூலைவிட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூலைவாக்கு நன்று. ஆனால் ‘மூலை’ இருப்பதால் பழைய ஆபத்து மிச்சம் இருக்கிறது. மடிக்கும் முறையை விளக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவு துணி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: சதுரத்தின் பரப்பைப் பட்டியின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கக்கூடிய மொத்த நீளம். 8 அங்குலச் சதுரத்தில் 64-ஐ 1¼ ஆல் வகுத்தால் 51 அங்குலம். ஒட்டுப் போடுவதிலும் மூலைக் கழிவிலும் கொஞ்சம் போகும்.

தையல் பயிற்றுநர், மேலூர்

அது போதும் ஐயா. கழுத்துக்கு 12, இரண்டு கைக்குழிக்கும் 18 முதல் 20, ஆக 32 அங்குலத்துக்குள் முடியும். மூலையில் விழும் ஓரிரு அங்குலத் துணுக்குகளை ஒட்டப் பார்க்க வேண்டாம்.

மூலைவாக்கையே எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘கடையில் கிராஸ் பட்டி என்பார்கள்’ என்று சேர்ப்பேன், இல்லாவிட்டால் கேட்டு வாங்க முடியாது. பைப்பிங் என்ற சொல்லை இதற்கு விடவே மாட்டேன். உள்ளே புரிக்கயிறு வைத்துத் தைப்பதற்கும் அதையே சொல்கிறார்கள். ரவிக்கைக்கு அது அழகு. குழந்தையின் கழுத்துக்கு அந்த மேடு ஆகாது. கயிறு வைப்பதற்குப் ‘புரியோரம்’ என்று தனியே வைப்போம்.

குறிப்பில் வரப்போவது இது:

மூலைவாக்குப் பட்டி: கரையோரத்தை ஊடை நூலின் மேல் படிய மடித்தால் வரும் கோட்டுக்கு இணையாக வெட்டிய பட்டி.

இரண்டு பட்டிகளை ஒட்டும்போது நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, செங்கோணமாக வைத்து, கால் அங்குலம் முனைகள் வெளியே நீட்டும்படி தைக்கவும். முனைகளைச் சமமாக வைத்துவிட்டால் விரித்ததும் ஓரம் படியாக நிற்கும். பிறகு பட்டியின் நல்ல பக்கத்தைச் சட்டையின் உள்பக்கத்தோடு சேர்த்து, கால் அங்குலத்தில் முதல் தையல். கழுத்து உள்வளைவு என்பதால் பட்டியை மட்டும் இலேசாக இழுத்துப் பிடிக்கவும், சட்டைத் துணியை இழுக்கக் கூடாது. பட்டியை வெளிப்பக்கம் புரட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, மேலே இரண்டாம் தையல். தடித்த மடிப்பு வெளியே போய்விடும், தோலில் படும் பக்கம் தட்டையாக இருக்கும். இஸ்திரிப் பெட்டியைப் பட்டியின் மேல் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்கவும், தேய்த்தால் பட்டி நீண்டு அகலம் குறையும்.

கழுத்தில் நாடா வேண்டாம், பக்கவாட்டில் 5 அங்குல நாடா போதும். நாடாவை மூலைவாக்கில் வெட்டினால் முடிச்சுப் போடப் போட இழுபட்டுக் கயிறாகிவிடும். அதைப் பாவுவாக்கில்தான் வெட்ட வேண்டும்.

அடுத்து, தையலுக்காக ஓரத்தில் கூடுதலாக விடும் துணி. ‘தையல் விடுப்பு’ என்று எழுதியிருக்கிறேன். அதைவிட நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.