சென்னையில் நாயை அவிழ்த்துவிட வேலி போட்ட இடம் எங்கே? அதை மாநகராட்சி தர வேண்டுமா?

வேளச்சேரி_சிப்பி:
எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை இனத்துப் பெண் நாய் இருக்கிறது. ஃபிளாட்தான். காலையும் மாலையும் லீஷ் போட்டு நடக்கக் கூட்டிப்போகிறோம், ஆனால் இந்த இனத்துக்கு நடை போதாது. முயல் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய். கொஞ்ச நேரமாவது முழு வேகத்தில் ஓடினால்தான் உடம்பும் மனசும் அடங்கும். ஓடாத நாளில் ராத்திரி முழுக்க ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். தென்சென்னைப் பக்கம் நாலு புறமும் வேலி உள்ள, நாயை அவிழ்த்துவிட அனுமதிக்கிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். வேலி கண்டிப்பாக வேண்டும். கூப்பிட்டால் வருவாள், ஆனால் ஒரு பூனை குறுக்கே ஓடிவிட்டால் அப்புறம் யார் குரலும் காதில் விழாது.

பெசன்ட்நகர்_பாலா:
எலியட்ஸ் பீச்சுக்கு விடியற்காலையில் வாருங்கள். நிறைய பேர் அங்கேதான் அவிழ்த்து விடுகிறார்கள். மணலில் ஓடினால் காலுக்கும் நல்லது.

கடலோரம்:
பாலா, அதைப் பரிந்துரைக்காதீர்கள். பீச்சில் வேலியும் கிடையாது, அனுமதியும் கிடையாது. அதைவிட முக்கியம், ஜனவரி முதல் மார்ச் வரை அந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. ராத்திரியெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்க மாணவர்கள் 1980களிலிருந்து உழைக்கிறார்கள். முட்டைக் குழியைத் தோண்டுவதும் குஞ்சுகளைக் கவ்வுவதும் பெரும்பாலும் நாய்கள். தெருநாயானாலும் வீட்டு நாயானாலும் ஆமைக்கு ஒன்றுதான்.

ராம்நகர்_அப்பா:
இந்தக் கேள்வியே எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஏரியாவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட ஒரு திடல் இல்லை. தெருவில் ஸ்டம்ப் வைத்தால் கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார். காசு கொடுத்து டர்ஃப் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடல்) எடுத்து ஆடும் நிலைமைக்குப் பத்து வயதுப் பையன்களைக் கொண்டுவந்து விட்டோம். இதில் நாய்க்குத் தனியாக வேலி போட்ட இடமா? 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள்ளேயே இரண்டு ராட்வைலர்கள் சேர்ந்து ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தக் குழந்தை பூங்காக் காவலாளியின் மகள். அதற்குப் பிறகும் பூங்காவையும் நாயையும் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்கிறீர்கள்?

வேளச்சேரி_சிப்பி:
சார், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நானும் தூங்கவில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? குழந்தைகளுக்கான பூங்காவில், லீஷ் இல்லாமல், வாய்க்கூடு இல்லாமல் பெரிய நாய்கள் சுற்றின. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் எந்த நாயும் அவிழ்ந்து இருக்கக்கூடாது. அவிழ்த்துவிடும் இடம் தனியாக, பூட்டோடு இருக்க வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லாததால்தான் ஆட்கள் காலை ஐந்து மணிக்கு பூங்காவிலும், காலி மனையிலும், மொட்டை மாடியிலும் அவிழ்த்து விடுகிறார்கள்.

ராம்நகர்_அப்பா:
இடம் கொடுத்தால் ஒழுங்காகிவிடுவார்கள் என்று சொல்கிறீர்களா மேடம்? எங்கள் தெருவில் நாயைக் கூட்டிப்போகிறவர்களில் கையில் பை வைத்திருப்பவரை எண்ணிவிடலாம். கழிவை எடுக்காதவர் லீஷையும் போடமாட்டார், வேலிக்குள்ளும் போகமாட்டார். முதலில் இருக்கும் விதியைக் கடைப்பிடிக்கட்டும்.

குப்பன்_பார்க்_தமிழன்:
பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே கப்பன் பூங்காவுக்குள்ளேயே நாய்களுக்கு வேலி போட்ட தனிப் பகுதி இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் அங்கே கூடுகிறார்கள், ஒருவர் நாயை மற்றவர் கவனிக்கிறார், கழிவை எடுக்காமல் போனால் பக்கத்தில் நிற்பவரே கேட்டுவிடுகிறார். மாநகராட்சி அபராதத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ராம்நகர் சார் சொல்வதிலும் உண்மை உண்டு. வேலிக்கு வெளியே, பூங்காவின் மற்ற பகுதிகளில் லீஷைக் கழற்றியவர்களால் புகார் குவிந்து, 2022இல் நாய்களை மொத்தமாகத் தடுக்கப் போகிறோம் என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. எதிர்ப்பு வந்து நிறுத்தி வைத்தார்கள். ஒழுங்காக இருந்தவர்களும் சேர்ந்து அந்த இடத்தை இழக்கும் நிலை வந்தது. ஹைதராபாத்தில் கொண்டாப்பூரில் 2018இல் மாநகராட்சியே சுமார் 1.3 ஏக்கரில் நாய்களுக்கென்றே பூங்கா திறந்தது. பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் தனித்தனி இடம்.

கால்நடை_மருத்துவர்_தாம்பரம்:
நான் நாய்களுக்கு எதிரி இல்லை, தினமும் அவற்றோடுதான் இருக்கிறேன். ஆனாலும் நாய்ப் பூங்கா என்றதும் எனக்குத் தயக்கம் உண்டு. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை ஆசையாகத் தூக்கி வந்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் எலியின் சிறுநீர் கலந்து லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும். அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். உண்ணிக் காய்ச்சலைச் சொல்லவே வேண்டாம், இந்த ஊர் வெக்கையில் வருஷம் முழுக்க உண்ணி இருக்கிறது.

இன்னொன்று: பழகாத பத்து நாய்களை ஒரே அடைப்புக்குள் விட்டால் எல்லாம் நட்பாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பயந்த நாய்க்கு ஓடித் தப்ப வழி இருக்காது. ஒன்றை நாலு நாய்கள் விரட்டும்போது சொந்தக்காரர் "விளையாடுது" என்று சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தக் காயத்துக்குத் தையல் போடுவது நாங்கள்.

வேளச்சேரி_சிப்பி:
டாக்டர், இது பயனுள்ள எதிர்ப்பு, நன்றி. அப்படியானால் எப்படி இருந்தால் உங்களுக்குச் சம்மதம்?

கால்நடை_மருத்துவர்_தாம்பரம்:
நாய் வளர்க்க மாநகராட்சி தரும் உரிமத்துக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள் அல்லவா, அந்த உரிமத்தைக் காட்டினால்தான் உள்ளே விட வேண்டும். மற்ற தடுப்பூசிகளின் அட்டையும் வேண்டும். சூட்டில் இருக்கும் பெட்டை நாய் கூடாது. உள்ளே பந்தும் தின்பண்டமும் கூடாது. பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது. தரை மேடாக, தண்ணீர் வடிகிற மணலாக இருக்க வேண்டும். வேலி ஆறடிக்குக் குறையக்கூடாது. உங்கள் சிப்பிப்பாறை ஐந்தடியைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. கம்பிவலையின் அடிப்பக்கத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு வெளியே போகும். முக்கியமாக இரட்டைக் கதவு: வெளிக் கதவைச் சாத்திய பிறகுதான் உள் கதவு. ஒற்றைக் கதவு வைத்தால் யாராவது உள்ளே வரும் நேரத்தில் ஏதாவது ஒரு நாய் தெருவுக்கு ஓடும்.

இன்னும் எளிய வழி, மணிக்கணக்கில் முன்பதிவு. ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்து நாய், அல்லது ஏற்கெனவே பழகிய இரண்டு மூன்று நாய்கள். உங்கள் நாய்க்கு வேண்டியது ஓட்டம்தானே, கூட்டம் இல்லையே.

மடிப்பாக்கம்_சுதா:
ஈ.சி.ஆர். பக்கம் அப்படிக் கட்டணம் வாங்கும் தனியார் இடங்கள் உண்டு. ஆனால் கார் இல்லாதவர் என்ன செய்வது? பஸ்ஸில் நாயை ஏற்ற முடியாது, ஆட்டோக்காரர் மூன்று பேரில் ஒருவர்தான் சம்மதிப்பார். நான் தத்தெடுத்தது தெருவில் பிறந்த நாட்டு நாய். கார் வைத்திருப்பவரின் லாப்ரடார் மட்டும்தான் ஓடலாம் என்பது சரியில்லை. மாநகராட்சி இடம் கேட்பது அதற்காகத்தான்.

ராம்நகர்_அப்பா:
சரி, முன்பதிவு, உரிமம், இரட்டைக் கதவு எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நிலம் எங்கே? பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவோ கட்டடமோ போட்டால், சாலை போக மிச்சத்தில் பத்து சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். (பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குத் தர வேண்டும் என்பது விதி. எங்கள் பகுதியில் அப்படி வந்த துண்டுகளில் ஒன்றில் ஜெனரேட்டர், ஒன்றில் வண்டிகள். மீட்டெடுத்தால் முதலில் பிள்ளைகளுக்கு. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம் தெருநாய்கள்? உங்கள் வேலியைச் சுற்றி அவை நின்று குரைக்கும். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்த வழியாக எப்படி நடப்பார்கள்?

மடிப்பாக்கம்_சுதா:
அண்ணா, தெருநாய்ப் பிரச்சினை வேறு, அதற்கு வழி கருத்தடையும் தடுப்பூசியும். 2023 ஏ.பி.சி. (விலங்குப் பிறப்புக் கட்டுப்பாடு) விதிகளில் அது உள்ளாட்சியின் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் வேலி ஓரத்தில் குரைப்பது நியாயமான கவலைதான். வேலியின் கீழ்ப்பாதியைத் தகடு வைத்து மறைத்தால் வெளியே உள்ள நாயும் உள்ளே உள்ள நாயும் ஒன்றை ஒன்று பார்க்காது. குரைப்பு பெருமளவு குறையும். பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் இடம் கேட்கவும் கூடாது.

பெசன்ட்நகர்_பாலா:
பகலில் காலியாகக் கிடக்கும் கிரிக்கெட் டர்ஃப்களை எடுத்தால் என்ன? சுற்றிலும் வலை இருக்கிறதே.

கால்நடை_மருத்துவர்_தாம்பரம்:
செயற்கைப் புல் பகல் வெயிலில் பாதத்தைச் சுட்டுவிடும். சிறுநீர் நாற்றமும் போகாது, உரிமையாளர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதைவிட, பெரிய குடியிருப்புகளில் காலை வேளையில் யாரும் ஆடாத டென்னிஸ் கோர்ட் நல்லது. உயரமான வலை, ஒரே வாசல். கழுவிவிடலாம். ஆனால் தரை கெட்டி, தினமும் ஓடவிடாதீர்கள், மூட்டுக்கு ஆகாது.

வேளச்சேரி_சிப்பி:
எங்கள் குடியிருப்பில் டென்னிஸ் கோர்ட் இல்லை, பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறது. எழுத்தில் கேட்கப் போகிறேன்: காலை ஐந்தரை முதல் ஆறே கால் வரை, உரிம நகலோடு, கழுவும் செலவும் எங்களுடையது. மாநகராட்சி கோரிக்கையை விடுவதாக இல்லை. வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டத்தில் சுதாவும் நானும் பேசுகிறோம். ராம்நகர் சார், நீங்களும் வாருங்கள். ஜெனரேட்டர் நிற்கும் அந்த ஓ.எஸ்.ஆர். துண்டைப் பிள்ளைகளுக்கு மீட்கும் மனுவில் நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

ராம்நகர்_அப்பா:
வருகிறேன் மேடம். அந்த மனுவைத் தனியாக எழுதுங்கள், நாய் இடத்தோடு சேர்க்காதீர்கள். உங்கள் கோரிக்கை வரும்போது நான் எழுந்து எதிர்த்துப் பேசுவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.