கூத்து இரவில் ஐஎஸ்ஓ 6400: நாய்ஸோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

செய்யாறு பக்கம் தெருக்கூத்து எடுக்கப் போகும்போது கூட வரும் தம்பிகள் தவறாமல் கேட்பது, "அண்ணா, ஐஎஸ்ஓ 800-க்கு மேல போனா நாய்ஸ் வருமே?" வரும், படத்தில் பொடிப் பொடிப் புள்ளிகளாக. போகாவிட்டால் அதைவிட மோசமானது வரும்.

கூத்து விடிய விடிய நடக்கும். வெளிச்சத்துக்கு இரண்டு எல்இடி விளக்குதான். துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போனால் முகம் நிற்காது. லென்ஸை எஃப் 2.8-க்கு முழுக்கத் திறந்தாயிற்று. மிச்சம் இருப்பது, படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ மட்டும். நான் 6400 வைத்தேன். அரிதாரத்தின் மேல் பொடி மணல் தூவிய மாதிரி கொஞ்சம் நாய்ஸ் தெரிந்தது. அதைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். ஷேக் ஆன படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

கூட வந்த தம்பி அதே ஷட்டர், அதே அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) வைத்து, ஐஎஸ்ஓ மட்டும் 800-இல் எடுத்தார். வீட்டுக்குப் போய் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. அவருடையது பழைய கேமரா. ஏற்றிப் பார்த்தால் கிரீடத்தின் நிழலில் ஊதாத் திட்டுகள், பின்னணி இருட்டில் குறுக்குக் கோடுகள்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சார் கூடுதலாக வெளிச்சம் வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்காது. எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகிறது என்பதை ஷட்டரும் அபெர்ச்சரும் முடிவு செய்கின்றன. ஐஎஸ்ஓ, வந்த சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். நாய்ஸின் பெரும்பங்கு வெளிச்சத்திலேயே இருக்கிறது: ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது ஒரு சதவீதம். 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்து சதவீதம். இதற்கு மேல் கேமராவின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்ப்பது தனி. பழைய கேமராக்களில் அந்தப் பங்கு அதிகம். கேமராவிலேயே ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டால் அதில் ஒரு பகுதி அமுங்கிவிடும். தம்பி பிற்பாடு ஏற்றியதால் அதுவும் சேர்ந்து ஏறிவிட்டது. இப்போது வரும் பல கேமராக்களில் இந்த வித்தியாசம் ரொம்பக் குறைவு.

* * *

மேலே கூத்துப் பதிவைப் படித்தேன். நான் கல்யாணப் படம் எடுப்பவன், இது என் பங்கு. எங்களைப் படுத்துவது நாய்ஸைவிட அதைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன்தான்.

மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200. உதவிக்கு வந்தவர் கேமராவில் ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷனை 'ஹை' என்று வைத்திருந்தார். பின்பக்கத் திரையில் எல்லாம் வழவழவென்று அழகு. ஆல்பத்துக்குப் பெரிதாக்கினால், புடவை பார்டரில் வரிசையாக இருந்த அன்னப்பட்சிகளைக் காணோம். வெறும் தங்கப் பட்டை. மாப்பிள்ளை தாடியில் ஒரு முடி தனியாகத் தெரியவில்லை. பெண்ணின் அத்தை பார்த்துவிட்டு, "என்னப்பா, அசல் ஜரிகை எடுத்துக் கொடுத்தோம், படத்துல டெஸ்டட் ஜரிகையாட்டம் இருக்கே" என்றார். அத்தைகள் கண்ணுக்குத் தப்பாது!

எது புள்ளி, எது ஜரிகை இழை என்று கேமராவுக்குத் தெரியாது. நுணுக்கமாக எது இருந்தாலும் தேய்த்துவிடும். நல்லவேளை, பெரும்பாலான கேமராக்களில் இந்த செட்டிங் ஜேபெக் படத்தைத்தான் தொடும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை மாற்றாது. அவர் ராவும் சேர்த்தே எடுத்திருந்ததால் அன்னப்பட்சிகள் திரும்பி வந்தன. இப்போது எங்கள் எல்லாக் கேமராவிலும் 'லோ'தான். ராவில் வேலை செய்யும்போது கலர் நாய்ஸை, அந்தச் சிவப்பு பச்சைப் புள்ளிகளை, நன்றாகவே குறைக்கிறேன். பட்டில் பெரிய சேதம் தெரிவதில்லை. வெளிச்ச ஏற்ற இறக்கப் புள்ளிகளைக் குறைக்கும் லூமினன்ஸைக் கூட்டும்போது மட்டும் கை தயங்கும்.

* * *

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேறு சமாச்சாரம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொல்லிமலையில் நட்சத்திரத் தடம் எடுக்க வந்த ஒருவர், 30 நொடி எடுத்ததும் கேமரா இன்னொரு 30 நொடி எதற்கும் மசியாமல் நிற்பதைப் பார்த்து ரிப்பேர் என்றே முடிவு கட்டிவிட்டார். ரிப்பேர் இல்லை. ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து, அதில் தெரியும் ஹாட் பிக்சல்களை, அதாவது வெளிச்சம் படாமலே மின்னும் புள்ளிகளை, முதல் படத்திலிருந்து கழிக்கிறது.

நீண்ட நேரத்துக்கு ஒரே ஒரு படம் என்றால், அதுவும் புழுக்கமான ராத்திரியில், இது அருமையான வசதி. நட்சத்திரத் தடத்துக்கு ஆகாது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் கேமரா சும்மா நிற்கும் அரை நிமிடத்திலும் நட்சத்திரம் நகர்ந்துவிடும். படங்களை அடுக்கினால் தடம் விட்டு விட்டுத்தான் வரும். அதை அணைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே ஷட்டரில் நான்கைந்து இருட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம்.

* * *

முதல் பதிவு எழுதியவருக்கு: சில கேனான் மாடல்களில் மல்டி ஷாட் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறதே, கூத்துக்கு அது உதவுமா?

* * *

உதவாது. அது நான்கு படத்தை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவது. மேடை ஓரம் மிருதங்கம், தாளம், ஹார்மோனியம் கீழே வைத்திருக்கும்போது எடுக்கலாம். துரியோதனன் வந்துவிட்டால் 6400-தான்.