புதுப்பிப்பு: 2022 உலகக் கோப்பைக் கணிப்புச் சோதனை முடிந்தது

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. பாளையங்கோட்டைத் தேநீர்க் கடை நண்பர்கள் 12 பேரின் கால்பந்துக் கணிப்பை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருந்தேன். வெற்றி, தோல்வி என்று எழுதாமல் சதவீதம் எழுத வைத்து, அதற்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திப் பிழையாகக் கொள்ளச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது; பிழை குறைந்தவரே முன்னிலை. 1950இல் வானிலைக் கணிப்புக்காக அமெரிக்க வானிலை ஆய்வாளர் பிரையர் தந்த முறை அது.

அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2–1 என வீழ்த்திய அன்று அதன் அருமை புரிந்தது. அர்ஜென்டினாவுக்கு 95 சதவீதம் எழுதியவருக்குப் பிழை 0.9025 (0.95இன் வர்க்கம்), 70 எழுதியவருக்கு 0.49. வெற்றி, தோல்வி மட்டும் எழுதும் பழைய முறையில் இருவருக்குமே பூஜ்ய மதிப்பெண்தான்!

எதிர்பாராதது: முதலிடம் கடைக்காரரின் மகளுக்கு. 9ஆம் வகுப்பு மாணவி. எந்த அணிக்கும் 75ஐத் தாண்டி எழுதவே இல்லை. மொராக்கோ அரையிறுதிக்கு வரும் என்று அவளும் எழுதவில்லை.

குழுச் சுற்றில் டிராவுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். நான் வைக்காததால் கணக்கை மறுபடி போட வேண்டியதாயிற்று.