அத்தியாவசியப் பட்டியல்: கடையை வைத்தா, பொருளை வைத்தா?

நடைபாதை:
கொரோனா காலம் போல இன்னொரு ஊரடங்கு வந்தால் அத்தியாவசியம் எது என்பதைக் கடை வகையாகத்தான் எழுத வேண்டும். மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மருந்து. அவ்வளவுதான். தெருவில் நிற்கும் காவலருக்குப் பெயர்ப்பலகைதான் தெரியும். உள்ளே எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று எண்ண அவருக்கு நேரமில்லை. பொருளை வைத்துப் பிரித்த பிரிட்டனின் வேல்ஸைப் பாருங்கள். 2020 அக்டோபர் 23 முதல் 17 நாள் முடக்கம். சூப்பர் மார்க்கெட்டுகள் அத்தியாவசியமற்றதை விற்கக் கூடாது என்றார்கள். துணி, பொம்மை, புத்தக வரிசைகளைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினார்கள். கடைசியில் சானிட்டரி நாப்கின் விற்கலாமா கூடாதா என்பதற்கே அரசு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

செம்புக்கம்பி:
'மளிகை' என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா? 2020 மார்ச் 25-ல் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியது. சோப்பு, பற்பசை, நாப்கின், டயப்பர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் மளிகையில் அடக்கம் என்று மத்திய உள்துறைச் செயலாளரின் கடிதம் வந்தது மார்ச் 29-ல். லாரிகளில் அத்தியாவசியம், அல்லாதது என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாச் சரக்கையும் ஏற்றலாம் என்றதும் அதே கடிதம்தான். ஏப்ரல் 3-ல் விவசாய இயந்திர உதிரிபாகக் கடைகளும் நெடுஞ்சாலை லாரிப் பட்டறைகளும் சேர்ந்தன. ஏப்ரல் 21-ல் மின்விசிறிக் கடை, பாடப்புத்தகக் கடை, பிரீபெய்டு ரீசார்ஜ். பெயர்ப்பலகையை வைத்து எழுதிய பட்டியலில் விட்டுப்போனதை ஒவ்வொன்றாக ஒட்டவைத்த கதை இது.

நடைபாதை:
ஒட்டவைத்தது தவறில்லையே. தொற்று பரவும்போது முதலில் எல்லாவற்றையும் மூடு, பிறகு தேவைக்கேற்பத் திற. அதுதான் பாதுகாப்பு.

செம்புக்கம்பி:
பயிர் அதுவரை காத்திருக்காது நண்பரே. சித்திரை வெயிலில் ஒரு 7.5 ஹெச்பி மோட்டார் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய், மீதி இரண்டில் ஓடினால் காயில் சூடாகி எரியும். இது கிராமத்தில் புதிதல்ல. எரிந்த காயிலை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கேஜ் (தடிமன் அளவு) எனாமல் கம்பியில் புதிதாகச் சுற்ற வேண்டும். கம்பி அமரும் காடிகளுக்கு (பள்ளங்களுக்கு) இன்சுலேஷன் தாள், மேலே வார்னிஷ், பிறகு சூட்டில் உலர்த்தல். பேரிங் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பட்டறையைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கம்பிக் கடை, பேரிங் கடை, வார்னிஷ் கடை மூன்றையும் மூடினால் அந்த அனுமதி எதற்கு? பக்கத்து கேஜ் கம்பி கிடைக்கிறதே என்று சுற்றினால், மெல்லிய கம்பி மறுபடி சூடாகி எரியும். தடித்த கம்பி காடிக்குள் அடங்காது.

கல்லாப்பெட்டி:
இருவரும் விட்டது நேரத்தை. தமிழ்நாட்டில் 2020-ல் மளிகை, காய்கறிக் கடைகளை முதலில் பிற்பகல் 2.30 வரை என்றார்கள், ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை. 2021 மே மாதம் நண்பகல் 12, பிறகு காலை 10. வாங்குபவர் எண்ணிக்கை குறையவில்லை, வாசல்தான் குறுகியது. ஒரு கல்லா உள்ள கடையில் ஆளுக்கு 3 நிமிடம் என்றால் மணிக்கு 20 பேர். காலை 6 முதல் 2.30 வரை 170 பேர். 10 மணிக்கு மூடினால் 80. மீதி 90 பேர் அதே நான்கு மணி நேரத்துக்குள் முண்டியடிப்பார்கள். சென்னை, கோவை, மதுரையில் 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் 25-ஆம் தேதி கடைவீதிகள் எப்படி இருந்தன என்பதை ஊரே பார்த்தது. பட்டியல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நேரத்தைச் சுருக்கினால் கூட்டம்தான்.

தராசுமுள்:
அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் 1955 இருக்கும்போது புதுப் பட்டியல் எதற்கு?

கல்லாப்பெட்டி:
அது பதுக்கலையும் விலையையும் கட்டுப்படுத்தும் சட்டம். அதன் அட்டவணையில் மருந்து, உரம், உணவு, எண்ணெய், பெட்ரோலியம், விதை, சணல், பருத்திச் சிட்டநூல் உண்டு; சோப்பு கிடையாது. முகக்கவசமும் சானிடைசரும்கூட 2020 மார்ச் 13-ல்தான் தற்காலிகமாகச் சேர்ந்தன. ஊரடங்கு ஆணை வந்தது 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தக் கடை திறக்கலாம் என்பதற்கு விடை கிடைக்காது.

நடைபாதை:
நேரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கம்பி விஷயத்தில் இன்னும் ஏற்கவில்லை. பொருளை வைத்துத் திறந்தால் பெரிய கடைக்குத்தான் லாபம். மளிகை விற்கும் பல்பொருள் அங்காடி துணியும் விற்கும், பக்கத்துத் துணிக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். பிரான்சில் 2020 இறுதியில் புத்தகக் கடைகள் மூடியிருந்தபோது, சூப்பர் மார்க்கெட்டுகளின் புத்தகத் தட்டுகளையும் மூடச் சொன்னது அதனால்தான்.

செம்புக்கம்பி:
நியாயமான கவலை. ஆனால் சின்னவர் மூடியிருப்பதால் பெரியவரையும் மூடச் சொன்னால் வாங்குபவருக்கு இரண்டு வழியும் அடைபடும். என் யோசனை வேறு. கல்லா விற்பனையையும் குடோனையும் ஆணையில் தனித்தனியாக எழுதுங்கள். துணியோ கம்பியோ, ஷட்டர் மூடியிருக்கட்டும். போனில் ஆர்டர் எடுத்துக் குடோனிலிருந்து அனுப்ப எல்லாக் கடைக்கும் அனுமதி இருக்கட்டும். பழுதுபார்ப்பவருக்கு நடமாட்ட அனுமதி. 2021 ஜூன் 7-ல் தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களுக்கு எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் போன்றவர்கள் இ-பதிவோடு (இணையத்தில் பதிவு செய்துகொண்டு) வேலைக்குப் போகலாம் என்றார்கள், மின்பொருள், ஹார்டுவேர் கடைகளும் திறந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தளர்வு கிடைக்காத 11 மாவட்டங்களில் கோவையும் ஒன்று. மோட்டார் பம்புக்குப் பெயர்போன ஊரே அதுதான்.

நடைபாதை:
குடோன் கதவைப் பாதி திறந்து வைத்துச் சில்லறை விற்றால் யார் பிடிப்பது?

செம்புக்கம்பி:
வண்டியில் ஏறும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஜிஎஸ்டி பில், அதில் வாங்குபவர் முகவரி, வண்டி எண். சோதனைச் சாவடியில் பார்க்க அந்த ஒரு தாள் போதும். பில் இல்லாமல் கையில் கம்பிச்சுருளோடு ஒருவர் வந்தால் குடோன் வாசலில் சில்லறை நடக்கிறது என்று அர்த்தம், அந்தக் குடோனுக்கு மட்டும் சீல் வைக்கலாம்.

கல்லாப்பெட்டி:
பதிவு வரம்புக்குக் கீழே இருக்கும் சின்னக் கடைக்கு ஜிஎஸ்டி எண்ணே இருக்காது. அவருக்கு இ-பதிவு எண் அச்சிட்ட கைரசீதையும் ஏற்க வேண்டும் என்று அதே ஆணையில் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நடைபாதை சொன்ன பெரிய கடை, சின்னக் கடை சிக்கல் குடோன் வழியாகத் திரும்ப வந்துவிடும்.