சபீ, பில்கிரிம்ஸ் ரெஸ்ட் பாதைகளுக்கு டயரில் எவ்வளவு காற்று?

டர்பன்_சக்கரம்:
ஜூலை லீவில் நாலு பேர் மலை சைக்கிளோடு தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மலைப்பக்கமுள்ள சபீ போகிறோம். அங்கிருந்து பில்கிரிம்ஸ் ரெஸ்ட் பழைய தங்கச் சுரங்கப் பக்கமும் போக எண்ணம். 29 இன்ச் சக்கரம், 2.25 டயர், டியூப்லெஸ். எடை 78 கிலோ. இங்கே டர்பனில் 2 பார் (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டுகிறோம். அங்கே சரிப்படுமா?

மலைப்பாதை:
2 பார் அதிகம். பைன் காட்டில் காய்ந்த ஊசியிலை வேர்களை மூடிக் கிடக்கும். இறுகிய டயர் வேரில் பட்டதும் பக்கவாட்டில் வழுக்கும். முன்னால் 1.5, பின்னால் 1.7. பின் ரிம் கல்லில் ‘டொக்’கென்று இடித்தால் 0.1 ஏற்றுங்கள். டர்பனில் அளந்துவிட்டுப் போகாதீர்கள். சபீ 1000 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் 0.1 பார் கூடக் காட்டும். விடியற்காலைக் குளிரில் அதைவிட இறங்கியும் போகும். காலையில் கிளம்பும் இடத்தில் வைத்து அளப்பதே சரி.
சீலண்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) சக்கரத்துக்கு 100 மில்லி. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், சலசலப்பு கேட்காவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

குவார்ட்ஸ்_கல்:
பில்கிரிம்ஸ் ரெஸ்ட் பக்கம் முள்ளைவிடக் கல்தான் எதிரி. உடைந்த குவார்ட்ஸ் கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால், ஓட்டையில் செருகும் ரப்பர் பிளக் நிற்காது. பழைய டயரில் 5 சென்டிமீட்டர் துண்டு வெட்டி வைத்திருங்கள். கிழிசலுக்கு உள்ளே அதை வைத்து டியூப் போட்டால் வீடு வந்து சேரலாம். டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், தைத்த முள் ஒன்று மிச்சமிருந்தாலும் புது டியூபும் போச்சு.

டர்பன்_சக்கரம்:
நன்றிண்ணா. சுரங்க வாய்களைப் பார்க்கலாமா?

மலைப்பாதை:
வேண்டாம் தம்பி. 1873-ல் தங்கம் கிடைத்ததிலிருந்து தோண்டிய மலை அது. எல்லாக் குழியும் மூடப்படவில்லை, குளிர்காலப் புல் மறைத்திருக்கும். தடத்தை விட்டு இறங்கக் கூடாது. நிழலுக்குக்கூட உள்ளே ஒதுங்காதீர்கள். பிராணவாயு குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, மயங்கிய பிறகுதான் தெரியும். கழிவு மணல்மேட்டுக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்காதீர்கள். அதில் கலந்திருக்கக்கூடிய ஆர்செனிக் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆளுக்கு 3 லிட்டர் சுமந்து போங்கள்.
திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போட்டோ எடுக்காமல் திரும்பிவிடுங்கள். எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று அன்று காலை உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை காட்டுத்தீக் காலம், காற்று பலமானால் தடங்கள் போகும் பைன் மரத்தோட்டத்தை மூடிவிடுவார்கள்.