'சின்ன கம்பெனி'ன்னு கேட்டு கேட்டு காது புளிச்சு போச்சு – கொரியன் பாப் குரூப் பிடிஎஸ் பத்தி ஒரு வாக்குவாதம்

பழையரெக்கார்டு:
நேத்து ஒரு திரில ஒரு அம்மணி போட்டிருந்தாங்க, "பிடிஎஸ் பசங்க பேரே தெரியாத ஒரு சின்ன கம்பெனில இருந்து, கையில ஒண்ணுமில்லாம வந்து உலகத்தையே ஜெயிச்சாங்க"ன்னு. கீழ வண்டி வண்டியா ஊதா கலர் ஹார்ட்டு. படிச்சதுல இருந்து எனக்கு தாங்கல. பேரே தெரியாத கம்பெனியா? பிடிஎஸ்ஸ இறக்குன பிக் ஹிட் கம்பெனிய ஆரம்பிச்ச பாங் ஷி ஹ்யுக் யாருன்னு தெரியுமா மொதல்ல? ஜேஒய்பிங்கற பெரிய மியூசிக் கம்பெனில உக்காந்து பாட்டு போட்டுட்டு இருந்த ஆளு, 2008-ல பாடகி பேக் ஜி யங்குக்கு அவர் போட்ட பாட்டு கொரியால போடு போடுன்னு போட்டுச்சு, 2010-ல 2ஏஎம் குரூப்புக்கு போட்டதும் அப்படித்தான். பிக் ஹிட் ஆரம்பிச்சது 2005. பிடிஎஸ் வந்தது 2013 ஜூன் 13. நடுவுல எட்டு வருஷம் அந்த ஆபீஸ்ல வடை சுட்டு வித்துட்டு இருந்தாங்களா?

ஊதாக்கட்சி:
அந்த "அம்மணி" நான்தான் சார். பேர் போட்டே கேட்டிருக்கலாம், தைரியம் இல்லையா. கொரியால அப்போ எஸ்எம், ஒய்ஜி, ஜேஒய்பி மூணு கம்பெனி வெச்சதுதான் சட்டம். அந்த மூணுல ஒண்ணுல இருந்து வந்தா மொத வாரமே டிவில முகம் தெரியும், வெளியில இருந்து வந்தா பாட்டை பாதியில வெட்டி போடுவான். பிக் ஹிட் அந்த மூணுல இல்ல. அப்ப அது சின்ன கம்பெனிதானே? இதுல என்ன ஆராய்ச்சி?

பழையரெக்கார்டு:
மூணுல இல்லன்னா சின்னதா? நல்ல கணக்கு. 8எய்ட், 2ஏஎம், ஹோம்னு இவ்ளோ குரூப்பை பாத்துகிட்ட கம்பெனி. 2012-ல கிளாம்னு ஒரு பொண்ணுங்க குரூப் வேற இறக்குனாங்க. கையில ஒண்ணுமில்லாதவன் குரூப் மேல குரூப் இறக்குவானா?

ஊதாக்கட்சி:
கிளாம் என்னாச்சுன்னு சொல்லுங்களேன், ஏன் அங்க மட்டும் நிறுத்திட்டீங்க? ஓடல. 2015-ல கலைச்சாச்சு. 2ஏஎம் ஜேஒய்பியோட சேர்ந்து பாத்தது, அவங்க சொந்த சொத்து இல்ல. போட்ட காசு போய், கம்பெனி ஒரு கட்டத்துல திவாலாகுற நிலைமைக்கு வந்துச்சு. முப்பது பேர் இருந்த ட்ரெய்னி கூட்டத்துல, அதான் குரூப்ல சேர பயிற்சி எடுக்கற பசங்கள்ல, கடைசில நின்னது ஏழு பேரு, அந்த ஏழு பேரும் சியோல் நோன்ஹியோன்ல ஒரே ரூம்ல மேல கீழ கட்டில் போட்டு படுத்து கிடந்தாங்க. இது பெரிய கம்பெனி பண்ற வேலையா?

மினி_யூங்கி:
அக்கா சொல்றது 100% உண்மை 💜 அந்த ரூம் வீடியோ பாத்தா அழுகையே வரும். பிடிஎஸ்ல ராப் பண்ற சுகா கையில காசு இல்லாம, ஜாஜாங்மியன் நூடுல்ஸ் சாப்பிட்டா பஸ்ஸுக்கு காசு இருக்காதுன்னு நடந்தே வீட்டுக்கு போனவன். இதெல்லாம் தெரியாம பேசாதீங்க அங்கிள்.

பழையரெக்கார்டு:
பாப்பா, அந்த நூடுல்ஸ் கதை அவன் சொந்த ஊர் டேகுல நடந்தது. பிக் ஹிட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. ஊர்ல பீட் போட்டு வித்துட்டு இருந்தப்ப நடந்ததை கம்பெனி கணக்குல எழுதாத. அங்கிள்னு வேற. நான் 2009-ல வொண்டர் கேர்ள்ஸ்ங்கற கொரியன் குரூப் அமெரிக்க பாட்டு லிஸ்ட் பில்போர்ட் ஹாட் 100-ல 76-வது இடத்துக்கு வந்தப்பவே கேபாப் கேட்டவன், அப்ப நீ ஒண்ணாங்கிளாஸ் கூட போயிருக்க மாட்ட. பேசறது கம்பெனி பத்தி. கம்பெனி சின்னதா இல்லையா?

மினி_யூங்கி:
சரி டேகு விடுங்க. ட்ரெய்னியா இருக்கும்போது டெலிவரி வேலைக்கு போய் ஆக்ஸிடென்ட் ஆச்சே, தோள்பட்டை போச்சே, அது சியோல்தான். வலிய வெச்சுகிட்டே அத்தனை வருஷம் ஆடி 2020 நவம்பர்ல தான் ஆபரேஷன் பண்ணான். பெரிய கம்பெனி ட்ரெய்னி டெலிவரிக்கு போவானா?

பழையரெக்கார்டு:
போவான். கொரியால ட்ரெய்னிக்கு சம்பளம் கிடையாது, எந்த கம்பெனியா இருந்தாலும். அடுத்தது?

எக்ஸோபக்தன்:
நடுவுல வரேன் மன்னிக்கணும். 2013-ன்னா அது எஸ்எம் கம்பெனியோட எக்ஸோ குரூப் வருஷம். முதல் ஆல்பம் பத்து லட்சம் தாண்டி வித்துச்சு, கொரியால பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்படி விக்கிற ஆல்பம். அந்த வருஷம் பிடிஎஸ்ஸ யாருக்கும் தெரியாது. அதனால சின்ன கம்பெனின்னு சொன்னா தப்பில்ல, ஆனா உலகத்தை முதல்ல ஜெயிச்சதா சொல்றதுதான் காமெடி.

ஊதாக்கட்சி:
பக்தா, நீ எனக்கு சப்போர்ட்டா எதிர்ப்பா? போன மாசம் பிடிஎஸ் ஜங்குக் சோலோ திரில நீ போட்ட கமெண்ட் எனக்கு மறக்கல.

எக்ஸோபக்தன்:
அந்த கமெண்ட் கரெக்ட்டுதான். இப்பவும் அதேதான் சொல்றேன்.

திண்டுக்கல்_பூட்டு:
இவங்கள்லாம் யாருப்பா, ஏழு பேரும் ஒரே மூஞ்சி, லிப்ஸ்டிக் போட்ட பசங்களுக்கு இவ்ளோ சண்டையா 😂

மினி_யூங்கி:
வந்துட்டாரு. ஏழு பேரை அடையாளம் தெரியலன்னா கண்ணாடி மாத்துங்க அண்ணா. நம்ம ஹீரோ மட்டும் மேக்கப் இல்லாமயா நடிக்கிறாரு?

வெறும்வாசகன்:
ஒரு சந்தேகம். சின்ன கம்பெனின்னா எத்தனை பேர் வேலை செஞ்சா சின்னது, எவ்ளோ வருமானம் வந்தா பெருசு? அதை முதல்ல பேசிட்டா இந்த சண்டையே தேவையில்லையே.

பழையரெக்கார்டு:
நல்லா கேட்டீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஜங்குக் சூப்பர்ஸ்டார் கேங்கற டிவி பாட்டு போட்டி ஆடிஷன்ல தோத்ததும் ஏழு கம்பெனி அவன கூப்பிட்டுச்சு. இது உங்க ஆர்மி, அதான் பிடிஎஸ் ரசிகர் ஆளுங்களே பெருமையா சொல்ற கதை. ஏழு கம்பெனி கார்டு கையில இருக்கு, பூசான்ல இருந்து வந்த சின்ன பையன், அவன் பேரே தெரியாத கம்பெனிக்கா போவான்? யோசிங்க. யோசிக்கிறது கஷ்டம்னு தெரியும், ஆனாலும் யோசிங்க.

ஊதாக்கட்சி:
அய்யோ ராமா. அவன் போனது பிடிஎஸ் லீடர் ஆர்எம் ராப் பண்றத பாத்து மயங்கி. அவனே எத்தனை தடவை சொல்லிட்டான். கம்பெனி போர்டை பாத்து போகல. நீங்க சொல்றதே எனக்கு சாதகம், மத்த ஆறு கார்டையும் தூக்கி போட்டுட்டு சின்ன கம்பெனிக்கு வந்தான், அதுதான் கதை. இன்னொண்ணு கேளுங்க. 2017-ல அவங்க 'லவ் யுவர்செல்ஃப் ஹர்' ஆல்பம் சிடில மட்டும் ஒரு மறைச்சு வெச்ச பாட்டு இருக்கு, ஸ்ட்ரீமிங்ல அப்ப விடவே இல்ல. அதுல அவங்களே சொல்றாங்க, டிவில எங்கள வெட்டினாங்க, வேற யாரோ வராத இடத்தை நிரப்ப கூப்பிட்டாங்க, கம்பெனி சின்னது நீங்க தேற மாட்டீங்கன்னு சொன்னாங்கன்னு. அங்க இருந்தவன் சொல்றான், சின்ன கம்பெனின்னு. நீங்க இங்க உக்காந்துகிட்டு இல்லன்னு சொல்றீங்க. யாரை நம்பறது?

பழையரெக்கார்டு:
தன்னை பத்தி தானே எழுதின பாட்டு ஆதாரமாம். நாளைக்கு நானும் ஒரு பாட்டு எழுதுறேன், நான்தான் சேர சோழ பாண்டியன்னு, நம்புங்க. அதோட அந்த பாட்டுல "சொன்னாங்க"ன்னுதான் இருக்கு, யாரோ சொன்னது. யாரோ சொன்னதை வெச்சு கம்பெனி சின்னதுன்னு முடிவு பண்றீங்க. 2005 டு 2013-க்கு இன்னும் பதில் வரல, எட்டு வருஷம், ஞாபகம் இருக்கட்டும்.

மினி_யூங்கி:
வந்துச்சே, திவால்னு அக்கா சொன்னாங்களே.

பழையரெக்கார்டு:
திவாலாகுறதுக்கே முதல்ல காசு வேணும் பாப்பா.

ஊதாக்கட்சி:
சரி, வளர்ந்தத பாருங்க. டிவி பாட்டு ஷோல மொத ஜெயிப்பே 2015 மே 5. ரெண்டு வருஷம்! பெரிய கம்பெனி குரூப் மாசக்கணக்குல வாங்குறதுக்கு இவங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. 2014 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ்ல தெருவுல போறவங்ககிட்ட நோட்டீஸ் குடுத்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டு ட்ரூபடோர்ங்கற சின்ன கிளப்புல ஃப்ரீயா பாடினாங்க, ஒரு இருநூறு பேர் வந்தாங்க. அதே பசங்க 2018 அக்டோபர்ல நியூயார்க் சிட்டி ஃபீல்ட் ஸ்டேடியம், 2019 ஜூன்ல வெம்ப்ளி ரெண்டு நாள். அமெரிக்க ஆல்பம் லிஸ்ட் பில்போர்ட் 200-ல 2015 டிசம்பர்ல 171-வது இடம், அப்புறம் விங்ஸ் ஆல்பம் 26, ஹர் 7, 2018-ல டியர் நம்பர் ஒன். படி படியா ஏறினது கண்ணுக்கு தெரியுதா இல்லையா? பெரிய பணம் இருந்தா 171-ல ஏன் ஆரம்பிக்கணும்?

பழையரெக்கார்டு:
அமெரிக்காவுக்கு ஏழு பேரையும் ஃப்ளைட் ஏத்தி, எம்நெட் டிவில எட்டு எபிசோடு ஷோ எடுத்து, அந்த ஷோவுக்காகத்தான் நோட்டீஸ் குடுத்தாங்க. கேமரா முன்னாடி. அத போய் ஏழ்மைன்னு சொல்றீங்க. எனக்கு இதுக்கு மேல என்ன வேணும். டிவி வெட்டுச்சு வெட்டுச்சுன்னு அழுதுட்டு டிவி ஷோவையே உதாரணம் காட்றாங்க. அப்புறம் 2013 நவம்பர்ல மெலான் அவார்டுல புதுமுக விருது, 2014 ஜனவரில கோல்டன் டிஸ்க்ல புதுமுக விருது. யாருக்கும் தெரியாத குரூப்புக்கா விருதை தூக்கி குடுப்பாங்க?

எக்ஸோபக்தன்:
புதுமுக விருது பெரிய விஷயமே இல்ல. எக்ஸோ அந்த சீசன்ல வாங்குனது பெரிய விருது.

ஊதாக்கட்சி:
உனக்கு யாருமே கேக்கல.

எக்ஸோபக்தன்:
கேக்கலன்னாலும் சொல்வேன். பொது திரிதானே இது. இன்னொண்ணு, பிடிஎஸ்ஸோட டைனமைட் முழுக்க இங்லீஷ் பாட்டு, எழுதினது டேவிட் ஸ்டூவர்ட்டும் ஜெசிகா அகோம்பாரும். கொரியன் பாட்டு உலகத்தை ஜெயிச்சதுன்னு சொல்லிட்டு இங்லீஷ்ல பாடி 2020-ல ஹாட் 100 நம்பர் ஒன் வாங்கினா அதுக்கு பேர் என்ன?

மினி_யூங்கி:
பிடிஎஸ்ஸோட லைஃப் கோஸ் ஆன் பாட்டு தெரியுமா? அதே 2020 டிசம்பர்ல, பெரும்பாலும் கொரியன், நேரா நம்பர் ஒன்ல இறங்குச்சு. அந்த மாதிரி இறங்குன மொத கொரியன் பாட்டு. படிச்சுட்டு வாங்க.

எக்ஸோபக்தன்:
அது ஒரு வாரம். பட்டர் பாட்டு பத்து வாரம் நம்பர் ஒன்ல. பட்டரும் இங்லீஷ்தான். நான் சொன்னது நிக்குது.

திண்டுக்கல்_பூட்டு:
பட்டர் பத்து வாரமா, எங்க வீட்ல ரெண்டு நாளைக்கு தாங்க மாட்டேங்குது.

வெறும்வாசகன்:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. சரி பரவாயில்ல.

பழையரெக்கார்டு:
இங்லீஷ் கொரியன் பேச்சுக்கு நான் வரல, எனக்கு டைனமைட் பிடிக்கும், நல்ல பாட்டு. பசங்க உழைக்கலன்னு நான் எங்கயாவது சொன்னேனா? தேடி பாருங்க. கொரியால கட்டாயமான மிலிட்டரிக்கு கூட மரியாதையா போய்ட்டு வந்தாங்க, ஜின் 2022 டிசம்பர்ல போனான், கடைசியா சுகா 2025 ஜூன்ல முடிச்சு வந்தான். அதுல குறையே இல்ல.

மினி_யூங்கி:
அதையும் அநியாயம்னுதான் நான் சொல்வேன். ஒலிம்பிக் மெடல் வாங்குனா விலக்கு, ஏசியன் கேம்ஸ் தங்கத்துக்கு ஃபுட்பால் ஆடுற சன் ஹியூங் மின்னுக்கு விலக்கு, பியானோ போட்டில ஜெயிச்சாலும் விலக்கு, கொரியாவ உலகம் பூரா கொண்டு போனவங்களுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. போக வேண்டிய வயசை முப்பது வரைக்கும் தள்ளி போட்டாங்க, அவ்வளவுதான்.

எக்ஸோபக்தன்:
எக்ஸோ பசங்களும்தான் போனாங்க. யாராவது அழுதாங்களா?

ஊதாக்கட்சி:
அழுதீங்க. எனக்கு தெரியும். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

எக்ஸோபக்தன்:
போடு பாப்போம்.

பழையரெக்கார்டு:
திரும்ப விஷயத்துக்கு வாங்க. இதே சின்ன கம்பெனி 2020 அக்டோபர்ல ஷேர் மார்க்கெட் வந்துச்சு, ஒரு ஷேர் 1,35,000 வோன். பாங் ஏழு பேருக்கும் ஆளுக்கு 68,385 ஷேர் எழுதி வெச்சாரு. 2021-ல பேரையே ஹைப்புன்னு மாத்தி, அமெரிக்கால மியூசிக் மேனேஜர் ஸ்கூட்டர் ப்ரானோட கம்பெனிய முழுங்கிட்டாங்க. இன்னிக்கும் உங்க வாயில "சின்ன கம்பெனி". அடேங்கப்பா.

ஊதாக்கட்சி:
சார்!! 2020-ல பெருசாச்சுன்னு யார் இல்லன்னா? பெருசாக்கினதே பிடிஎஸ்தான்னுதான் நேத்துல இருந்து தொண்டை தண்ணி வத்த சொல்லிட்டு இருக்கேன். 2013-ல என்ன இருந்துச்சுன்னு கேட்டா 2021-க்கு ஓடறீங்க. நீங்க காட்ற ஒவ்வொரு நம்பரும் என் பக்கம் பேசுது, உங்களுக்குத்தான் புரியல.

பழையரெக்கார்டு:
நான் 2008, 2010, 2012 எல்லாம் சொல்லிட்டுதான் 2021-க்கு வந்தேன், வரிசையா. நீங்க பாதியிலதான் கண்ணை திறந்திருக்கீங்க. ஹிட்டு பாட்டு எழுதுற ஆளு, கைல ரெண்டு மூணு குரூப்பு, ஜேஒய்பி சகவாசம். இதுக்கு பேர் ஜீரோ கிடையாது. ஜீரோன்னா முட்டை. பிக் ஹிட் முட்டை இல்ல.

மினி_யூங்கி:
அங்கிள் உங்களுக்கு என்னதான் பிரச்சனை? உங்க வொண்டர் கேர்ள்ஸ் 76-லயே நின்னுட்டாங்கன்னு கோவமா?

பழையரெக்கார்டு:
அந்த 76 இல்லன்னா உங்க நம்பர் ஒன்னுக்கு வழியே இல்ல. 2012-ல 'கங்னம் ஸ்டைல்' பாடின சை ஹாட் 100-ல ஏழு வாரம் ரெண்டாவது இடத்துல நின்னான், யூடியூப்ல நூறு கோடி தொட்ட மொத வீடியோ அவனோடது. பாதை போட்டவன் வேற, பஸ் விட்டவன் வேற. இதையும் "தனியா வந்தாங்க"ன்னு எழுதுவீங்க.

ஊதாக்கட்சி:
இவ்ளோ நேரம் கம்பெனி கம்பெனின்னீங்க, இப்ப சைக்கு போய்ட்டீங்க. 2017 மே மாசம் பில்போர்ட் அவார்டுல ஆறு வருஷமா ஜஸ்டின் பீபர் வாங்கிட்டு இருந்த சோஷியல் மீடியா விருதை தட்டி தூக்கினது சையா ஆர்மியா? டிவி இடம் குடுக்கலன்னு 2012 டிசம்பர்ல இருந்தே ட்விட்டர்ல தானே போஸ்ட் போட்டு, சமைக்கிறது, தூங்குறது, பிராக்டிஸ் எல்லாத்தையும் வீடியோ எடுத்து ரசிகரை சேர்த்தாங்க. டிவிக்கு பதிலா ஃபோன். பெரிய கம்பெனிக்கு அந்த அவசியமே வந்திருக்காது. சின்ன கம்பெனிங்கறதாலதான் அந்த ஐடியாவே வந்துச்சு.

பழையரெக்கார்டு:
திரும்பவும் சின்ன கம்பெனி.

ஊதாக்கட்சி:
ஆமா சின்ன கம்பெனிதான்.

பழையரெக்கார்டு:
இல்ல.

ஊதாக்கட்சி:
சின்ன கம்பெனி. சின்ன கம்பெனி. சின்ன கம்பெனி. போதுமா?

எக்ஸோபக்தன்:
ஸ்க்ரீன்ஷாட் இன்னும் வரல.

ஊதாக்கட்சி:
பழைய ஃபோன்ல இருக்கு, தேடணும். உனக்காக நான் ஒண்ணும் ராத்திரி கண்ணு முழிக்க மாட்டேன்.

எக்ஸோபக்தன்:
அப்ப இல்லன்னு அர்த்தம். எல்லாரும் பாத்துக்கோங்க, ஆர்மி பொய் சொல்லுது.

மினி_யூங்கி:
அக்காவ பொய்யின்னு சொல்ற வேலை வெச்சுக்காதீங்க, எங்க குரூப்ல போட்டு விட்டா நாளைக்கு உங்க ஐடி தாங்காது.

திண்டுக்கல்_பூட்டு:
மிரட்டல் எல்லாம் வருதுப்பா, நான் கெளம்புறேன் 😂

பழையரெக்கார்டு:
மிரட்டுனா வரலாறு மாறிடுமா? கிளாம் பத்தியும் 8எய்ட் பத்தியும் ஒரு தனி திரி போடறேன், வருஷ வாரியா. அங்க வந்து சின்ன கம்பெனின்னு ஒருத்தர் சொல்லட்டும் பாக்கலாம்.

ஊதாக்கட்சி:
போடுங்க. மொத கமெண்ட் என்னோடதா இருக்கும், என்ன எழுதுவேன்னு உங்களுக்கே தெரியும்.