புதுப்பிப்பு: 2 சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம், என்ன ஆனது?

இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது, மூன்றாவதைச் சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று 30-வது வாரத்தில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குழந்தை பிறந்து 3 வாரம் ஆகிறது, சுகப்பிரசவம்தான்.

கைகொடுத்தது, "பழைய ஆபரேஷன் குறிப்பை வாங்கிப் பாருங்கள்" என்ற யோசனை. வெளியே தெரிகிற தழும்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதுதான் கணக்கு. எனக்கு இரண்டு முறையும் கீழ்ப்பகுதியில் குறுக்காக. மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் சுகப்பிரசவம் என்ற பேச்சே இல்லை. முதல் டாக்டர் குறிப்பைத் தொடாமலே முடியாது என்றார் (கோபம் இன்னும் போகவில்லை). இரண்டாவது டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, பழைய தழும்பு பிரியும் ஆபத்து ஒரு சிசேரியன் ஆனவர்களில் சுமார் 200-ல் ஒருவருக்கு, இரண்டு என்றால் இன்னும் கூடுதல், அதனால் உடனே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள இடத்தில் மட்டும் முயலலாம், வலி வரவழைக்க மாத்திரை கிடையாது என்றார்.

39 வாரம் 5 நாளில் வலி தானாகவே வந்தது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் பெல்ட் வயிற்றை விட்டு இறங்கவே இல்லை. கர்ப்பப்பை வாய் 7 சென்டிமீட்டர் திறந்திருந்தபோது தழும்புப் பக்கம் சுரீரென்றது, தழும்பு பிரிகிறதோ என்று நர்ஸ் ஓடி வந்து, "வலி விட்ட நேரத்திலும் அங்கே வலிக்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை. அப்புறம் 2 மணி நேரத்தில் பிறந்துவிட்டாள்.

எதிர்பார்க்காதது கீழே போட்ட தையல். 10 நாள் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன்.